மூன்றாவது நடைக்கு வரும் மிஸ்டு கால்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

போன வாரம் நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "சார், ஆபீஸ் மொபைலுக்குத் தினமும் பதினொன்றேகால் வாக்கில் ஒரு மிஸ்டு கால் வருது. ஒரே நம்பர். ரெண்டு ரிங், அப்புறம் கட். திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க. பிளாக் பண்ணிடட்டுமா?"

நான் "ஐயோ, வேண்டாம்!" என்று கத்தியதில் டீ கொண்டுவந்த அக்காவே திரும்பிப் பார்த்தார். விளக்கலாம் என்று உட்கார்ந்தேன், அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். ஐம்பத்து நாலு வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத நேரம் நிறைய இருக்கிறது.

அந்த மிஸ்டு கால் ஸ்டெல்லாவுடையது. அனகாபுத்தூர்க்காரர். அவருடைய வழக்கை நான் இரண்டு முறை கெடுக்கப் பார்த்தேன். அப்படியும் அது ஜெயித்தது. நம்முடைய இந்த நுகர்வோர் உதவி மையத்தில் இருபத்தைந்து வருடம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஃபிளாட் என்று எத்தனையோ புகார்களை எழுதியிருக்கிறேன். எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

அவர் முதன்முதலில் நம் மாடிப்படி ஏறி வந்த நாள் நினைவிருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் லாரி நின்றது. பின்னால் தண்ணீர் கேன்கள். மேலே வந்தவர் நல்ல புடவை கட்டி, தலை வாரி, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு இருந்தார். கணவர் பீட்டர் பின்னாலேயே வந்தார்.

"உக்காருங்கம்மா. என்ன பிரச்சனை?"

"வண்டி நல்லாத்தான் கீது சார். பாலத்தப் பாத்தா மட்டும் பேஜார் பண்ணுது."

ராஜகீழ்ப்பாக்கத்தில் கேன் ஏற்றி மேடவாக்கம் அபார்ட்மெண்ட்களில் இறக்குவது அவருடைய வேலை. ஓட்டுவது ஸ்டெல்லா, ஏற்றி இறக்குவது பீட்டர். கடன் வாங்கி எடுத்த புது வண்டி. மேடவாக்கம் மேம்பாலத்தில் பாதி ஏறும்போது டேஷ்போர்டில் ஒரு சின்ன ஆமைப் படம் மஞ்சளாக எரியும். அவ்வளவுதான். வண்டி நிற்காது, ஆனால் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். என்ன அழுத்தினாலும் அசையாது. பின்னால் வருகிறவன் பிரேக் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்ட வேண்டும்.

"நமக்குத் தெரியும் சார், வண்டி ஆமை ஆயிடுச்சின்னு. பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பீட்டர்.

ஏழு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார்கள். ஏழு தடவையும் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோப்பில் ஏழு தாளும் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. ஏன் அவர்களுக்குக் குறை தெரியவில்லை என்று கேட்டேன்.

"உள்ள வரும்போது கேன இறக்கிடணும் சார். சரக்கோட வண்டி உள்ள வரக் கூடாதுன்னு போர்டே மாட்டிக்கீறாங்க. காலி வண்டிய ஓட்டிப் பாத்துட்டு, சூப்பரா கீதே அக்கான்றாங்க."

காலி வண்டி பாலம் மட்டுமல்ல, மலையே ஏறும். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஆனால் அதற்குள் இரண்டு அபார்ட்மெண்ட் வேறு ஆளிடம் போய்விட்டது என்றும், மூன்றாவதும் இந்த மாதத்தோடு பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். வண்டியை விற்கலாம் என்றால் யாரிடம் விற்பது? "தெரிஞ்சே இன்னொருத்தர் தலையில கட்டச் சொல்றியா சார்?" என்றார். அந்த வண்டியைச் செய்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சில வெளிநாடுகளில், திரும்பத் திரும்ப ஒரே பழுது வரும் வண்டியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. நமக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும். அது போதும். பழுதை நீக்கு, இல்லையென்றால் வண்டியை மாற்று, இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நுகர்வோர் ஆணையம் சொல்ல முடியும். ஆனால் பழுது வண்டியோடு பிறந்தது, ஓட்டியவர் செய்ததல்ல என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ஆமை வருகிற நேரத்தில் ஆணையம் பக்கத்தில் உட்கார்ந்திருக்காது.

இப்போது என் முதல் தவறு. புகாரில் தன்னைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்று கேட்டதும் ஸ்டெல்லா ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். பளபளப்பான கார்டு. 'ஸ்டெல்லா வாட்டர் சர்வீஸ்.' அதன் கீழே 'நிறுவனர்' என்று அவர் பெயர். பீட்டர்தான் ஆசையாக அடித்துக் கொடுத்தாராம். அந்த முகங்களில் இருந்த பெருமையைப் பார்த்து நானும் மகிழ்ந்துபோய், 'தண்ணீர் விநியோக நிறுவனத்தின் உரிமையாளரான மனுதாரர்' என்று ஜோராக எழுதிவிட்டேன்.

முதல் விசாரணையிலேயே கம்பெனி வக்கீல் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "இவங்க நுகர்வோரே இல்லைங்க. நிறுவனம் நடத்துறாங்க, அவங்களே எழுதியிருக்காங்க. வியாபாரத்துக்கு வாங்கின வண்டி. இந்த மன்றத்துக்கே வர முடியாது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருட அனுபவம் ஒரு விசிட்டிங் கார்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியவன் நான். தடுமாறி அதைச் சொன்னேன். ஆணையத்தின் தலைவர் ஸ்டெல்லாவைப் பார்த்து, "டிரைவர் எத்தனை பேர் வச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"டிரைவரா? நான்தாங்க டிரைவரு."

"நிறுவனத்துல வேற யாரு?"

ஸ்டெல்லா பீட்டரைக் கைகாட்டினார். "இவரு. சம்பளம் கிடையாதுங்க. சோறு போடுறேன்."

அறையே சிரித்தது. வக்கீலும் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். அவருடைய ஓட்டுநர் உரிமம், அபார்ட்மெண்ட்காரர்களின் கடிதங்கள், எல்லாம் தாக்கல் செய்து அந்தக் கண்டத்தைத் தாண்டினோம். ஆனால் அன்று நான் ஒன்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடம் வரும்போது தங்களிடம் இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு வருவார்கள், கஷ்டத்தை வீட்டில் மடித்து வைத்துவிட்டு வருவார்கள். நம் புகாருக்கு வேண்டியது அந்த மடித்து வைத்ததுதான்.

அடுத்து ஆணையம் ஒரு நிபுணரை நியமித்தது. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், அதிகம் பேசாதவர். அவர் வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அவர் 'குறை இல்லை' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அந்த வண்டியோடும் அந்தப் பாலத்தோடும் ஸ்டெல்லா காலம் தள்ள வேண்டியதுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பயந்தவன். என் மகள் பிரதீபா காட்டாங்குளத்தூரில் படிக்கிறாள். கல்லூரி வாசலில் இறங்கியதும் ஒரு மிஸ்டு கால், திரும்பக் கிளம்பும்போது ஒன்று, பரீட்சை ஹாலுக்குள் போகும்போது ஒன்று என்று சட்டம் போட்டிருக்கிறேன். "அப்பா, எல்லாரும் லொகேஷன் ஷேர் பண்றாங்க, நீங்க மட்டும் இன்னும் மிஸ்டு கால்" என்பாள். லொகேஷன் என்பது ஒரு புள்ளி. மிஸ்டு கால் என்றால் அவள் விரல் அழுத்தியிருக்கிறது.

ஸ்டெல்லா வண்டி பாலத்தில் தவழ்வதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அவரைப் பற்றியும் அதே கவலை. "ஏத்திட்டுக் கிளம்பும்போது ஒரு ரிங் விடுங்க. பாலம் தாண்டி முதல் அபார்ட்மெண்ட்ல வண்டிய நிறுத்திட்டு இன்னொரு ரிங் விடுங்க. ஓட்டிக்கிட்டே போனைத் தொடக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். அப்போது ஆபீஸ் மொபைல் என் சட்டைப் பையில்தான் இருக்கும், பிரதீபா கூப்பிடுவதும் அதில்தான்.

"எங்க அப்பாவே இவ்வளவு கேக்க மாட்டாரு சார்" என்று சிரித்தார். ஆனால் ஒரு நாள் தவறாமல் விட்டார். நான் அந்த அழைப்புகளைப் பார்ப்பேன், நிம்மதி அடைவேன், மறந்துவிடுவேன். அவ்வளவுதான் அவற்றுக்கு நான் கொடுத்த மரியாதை.

ஆய்வு நாள் வந்தது. காலை பத்து மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் கூடச் சொல்லியிருந்தார்கள். நான் என் பழைய காரில் போனேன். தூரத்திலிருந்தே வண்டி தெரிந்தது. வண்டி மின்னியது. ஷாம்பு போட்டுக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, முன்னால் சாமந்திச் சரம் கட்டி, சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளா வண்டிய எடுக்கவே இல்ல சார்" என்றார் ஸ்டெல்லா பெருமையாக. "நல்லா ரெஸ்ட் குடுத்து, ஃபுல் சார்ஜ் போட்டு வச்சிக்கிறேன். பெரிய மனுஷங்க உக்காரப் போறாங்க இல்ல?"

டாக்டரிடம் போகும்போது முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு போகிறோமே, அது. விசிட்டிங் கார்டு மறுபடியும் வந்துவிட்டது, இந்த முறை நாலு சக்கரத்தோடு.

கேன்களை நிபுணர் முன்னால் எண்ணி ஏற்றினோம், அனுமதித்த எடைக்குள். ஸ்டெல்லா ஓட்ட, நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்தார். வக்கீல் என் கார் பின்சீட்டில் ஏறினார். நான் நாலு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டு, டிக்கியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினேன்.

"என்ன சார், ஊர்வலமா?" என்றார் வக்கீல்.

"பாலத்துல அந்த வண்டி திடீர்னு தவழ ஆரம்பிச்சா பின்னாடி யாராவது காவல் இருக்கணும் சார்."

"தவழ்ந்தாத்தானே" என்று சிரித்தார்.

தவழவில்லை. வண்டி பாலத்தை மாப்பிள்ளைக் குதிரை மாதிரி ஏறி இறங்கியது. மேடவாக்கம் பக்கம் ஓரமாக நிறுத்தினோம். நிபுணர் இறங்கி ஏதோ குறித்துக்கொண்டார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி, "அருமையான வண்டி சார். எனக்கே ஒண்ணு வாங்கலாம் போல இருக்கு" என்றார்.

ஸ்டெல்லா முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு மட்டும்தான் பண்ணுது சார் இது" என்று முணுமுணுத்தார். பெற்ற பிள்ளையைப் போல இரண்டு வருடம் திட்டித் திட்டி ஓட்டிய வண்டி, விருந்தாளி முன்னால் சமர்த்தாக நடந்துகொண்டுவிட்டது.

பீட்டர் என்னைக் கார் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "சார், இன்னொரு தபா ஓட்டிக் காட்டலாம்னு சொல்லுங்க. நான் தார்ப்பாய்க்கு அடியில பத்து கேன் எக்ஸ்ட்ரா சொருகிடுறேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆமை தானா வரும்."

நண்பர்களே, மறைக்காமல் சொல்கிறேன். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொய்யான பழுதா அது? இல்லை. பழுது உண்மை, ஏழு தாள் உண்மை, ஸ்டெல்லாவின் பயம் உண்மை. பத்து கேன்தானே பொய் என்று மனசு கணக்குப் போட்டது. வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு ரிங். கட். பிரதீபா. அன்று பதினொரு மணிக்குப் பரீட்சை, ஹாலுக்குள் போகிறாள்.

பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். மேலே மகள் பெயர். அதற்குக் கீழே, இரண்டு நாள் இடைவெளி விட்டு, ஸ்டெல்லா, ஸ்டெல்லா, ஸ்டெல்லா. ஒரு நாளைக்கு ஆறு. மூன்று நடை, நடைக்கு இரண்டு. முதல் முறையாக அந்த நேரங்களைப் படித்தேன்.

முதல் நடை காலை ஆறு மணிக்கு. கிளம்பியதிலிருந்து சேர்ந்தது வரை இருபது நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாவது எட்டரைக்கு, அரை மணி. மூன்றாவது பத்தரைக்கு மேல். முக்கால் மணி. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. எட்டரை மணிக்குத் தாம்பரம் மேடவாக்கம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓஎம்ஆர் போகிற கூட்டமெல்லாம் அதில்தான் நிற்கும். அந்த நெரிசலில் அரை மணியில் போகிற வண்டி, சாலை காலியாகும் பதினொரு மணிக்கு ஏன் முக்கால் மணி எடுக்கிறது?

என்ன பழுது என்று கேட்டேன், எங்கே வருகிறது என்று கேட்டேன், எத்தனை தடவை என்று கேட்டேன். எத்தனையாவது நடையில் வருகிறது என்று மட்டும் நான் அவரைக் கேட்கவே இல்லை. அதுதான் என் இரண்டாவது தவறு. பதில் அத்தனை மாதமும் என் சட்டைப் பையில் இருந்தது.

"ஸ்டெல்லா, ஆமை எந்த நடையில வருது?"

யோசித்தார். "கடைசி நடையிலதான் சார். வெயில்ல அதுக்கு மூடு மாறிடும்னு நெனச்சிக்குவேன்."

பீட்டரிடம், "கேன் ஒண்ணுகூட ஏத்தக் கூடாது" என்றேன். நேராக நிபுணரிடம் போய் போனை நீட்டினேன். அந்த ரிங்குகளை ஏன் விடச் சொன்னேன், என் மகள் கதை, எல்லாவற்றையும் உளறினேன். அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் முதல் முறையாக ஆர்வம் தெரிந்தது.

"ரோடு காலியா இருக்கும்போதா லேட்டாகுது?"

"ஆமா சார். இன்னிக்கு இது முதல் நடை. ரெண்டு நாள் ஓய்வெடுத்த வண்டி. இவங்க வழக்கம்போல இன்னும் ரெண்டு நடை அடிக்கட்டும். மூணாவதுல பாருங்க. அதுலயும் வரலேன்னா குறை இல்லைன்னே எழுதிடுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

வக்கீல் பொங்கினார். "இது ஆய்வு சார், தண்ணி சப்ளை இல்ல!"

நிபுணர் அமைதியாக, "வண்டி சப்ளைக்குத்தானே வித்திருக்கீங்க?" என்றார்.

அப்படித்தான் ஒரு கம்பெனி வக்கீல் எங்களோடு மேடவாக்கத்தில் கேன் போட வந்தார். ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றவரைப் பார்த்து மாடியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

"தம்பி! வெள்ளச் சட்டை! ரெண்டாவது மாடி, ஒரு கேன். லிஃப்ட் ஓடல."

"மேடம், நான் வந்து..."

"ரெண்டு நாளா ஆளையே காணோம், இன்னிக்கு வந்துட்டு நிக்கிறீங்க. தூக்குங்க தம்பி!"

பீட்டர் கேன்களோடு அடுத்த பிளாக்கில் இருந்தார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மனிதர் சட்டைக் கையை மடித்து, ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். காலி கேனோடு இறங்கி வந்தபோது சட்டை தோள்வரை நனைந்திருந்தது. "மோர் குடுத்தாங்க சார்" என்றார் வெட்கத்தோடு. அன்று அவரைப் பிடிக்க ஆரம்பித்தது.

மூன்றாவது நடை கிளம்பும்போது மணி ஒன்றரை. வண்டியில் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சாமந்திச் சரம் வாடித் தொங்கியது, டயர்க் கறுப்பெல்லாம் புழுதியாகிவிட்டது. வண்டி அப்போதுதான் ஸ்டெல்லாவின் வண்டி மாதிரி இருந்தது. கேன்களை மறுபடியும் நிபுணர் எண்ணினார். நான் மினுக்கும் விளக்கைப் போட்டேன், துண்டை இறுக்கிக் கட்டினேன். பக்கத்தில் பீட்டர், பின்னால் வக்கீல். முன்னால் அவர்கள் வண்டி.

பாலம் ஏறினோம். பாதி வரை ஒன்றும் இல்லை. பீட்டர் "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தார். ஒரு வண்டி பழுதாக வேண்டும் என்று நான் வாழ்க்கையில் அதற்கு முன் வேண்டிக்கொண்டதில்லை.

முன்னால் இருந்த வண்டி சட்டென்று பெரிதானது. அதாவது, அது தவழ ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். அந்த விநாடி பின்னால் டயர்கள் அலறும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தண்ணீர் டேங்கர் லாரி. நிரம்பிய டேங்கர். சிவப்புத் துண்டையும் விளக்கையும் பார்த்து, முழு பலத்தோடு பிரேக் பிடித்துக்கொண்டு வந்தது, வந்தது, வந்து நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். டேங்கர் நின்றது, ஆனால் அதனுள் இருந்த தண்ணீர் நிற்கவில்லை. மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு எகிறி என் கார் பின்கண்ணாடி மேல் அருவியாகக் கொட்டியது.

பிறகு முன் வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே வந்தது.

"சார்! ஆமை வந்துடுச்சி சார்! ஆமை வந்துடுச்சி!"

பீட்டர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். டேங்கர் டிரைவர் கடுங்கோபத்தோடு இறங்கி வந்தார். "இன்னாய்யா, பாலத்து மேல இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"வண்டி ரிப்பேர் ஆயிடுச்சி அண்ணே!" பீட்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அதுக்கா சிரிக்கிற?"

"ஆமா அண்ணே! எல்லாரும் பாத்துட்டாங்க அண்ணே!"

டேங்கர்காரர் ஒன்றும் புரியாமல் பீட்டரோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார். நிபுணர் ஜன்னலில் சாய்ந்து டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதுகொண்டே சிரித்தார்.

நானும் வக்கீலும் காரை விட்டு இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. பின்சீட்டிலிருந்து வக்கீல் மெதுவாகப் பேசினார்.

"சார், நான் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த டேங்கர் முன்னாடி ரெண்டு பிள்ளைங்க பேர் எழுதியிருக்கான். அதை முழுசாப் படிக்கிற தூரத்துல நின்னுச்சு."

பிறகு முன் வண்டியைக் காட்டி, "இந்தம்மா இதைத் தினமும் ஓட்டிட்டு இருந்தாங்களா?" என்றார்.

நிபுணர் அறிக்கை தெளிவாக இருந்தது. பேட்டரிக்குள் ஒரு பகுதி பிறவியிலேயே சோணி. சார்ஜ் நிறைய இருக்கும்வரை மற்றவை அதைத் தாங்கிக்கொள்கின்றன. சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கி, மேலே பாரமும் முன்னால் ஏற்றமும் சேர்ந்தால் அது கைவிரித்துவிடுகிறது. ஓட்டுநர் மேல் தவறில்லை. அடுத்த விசாரணையில் வக்கீல் எழுந்து எதையும் மறுக்கவில்லை. கம்பெனியே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுக்கிறது என்றார். உட்காரும் முன் எங்கள் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கம்பெனிக்காரர்களிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பாலத்தின் மேல் அந்த டேங்கரைப் பார்த்தவரின் பேச்சுக்கு ஒரு கனம் இருந்திருக்கும்.

வண்டியை ஒப்படைக்கிற நாளில் ஸ்டெல்லா மறுபடியும் அதைக் கழுவிக்கொண்டு வந்தார். புதுச் சாமந்திச் சரம். "எதுக்குங்க இது, பழுதான வண்டிக்கு?" என்று வாங்கிக்கொள்ள வந்தவர் கேட்டார்.

"அதுக்கு உடம்பு சரியில்ல, அவ்ளோதான். அது மேல எனக்கு இன்னா கோவம்?" என்றார்.

இந்த முறை நான் தடுக்கவில்லை. கண்ணாடியில் விட்டுப்போன ஒரு திட்டை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

இப்போது அவர் வேறு வண்டி ஓட்டுகிறார். போன அபார்ட்மெண்ட்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மோர் கொடுத்த அம்மா இன்னும் "அந்த வெள்ளச் சட்டத் தம்பி ஏன் வர்றதில்ல?" என்று கேட்கிறாராம். நானோ இன்றும் அந்தப் பாலத்தில் கார் ஓட்டுவதில்லை. பஸ்ஸில் போனாலும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறேன். சிவப்புத் துண்டு கட்டாமல் போயிருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் என் மனைவி பேச்சை மாற்றிவிடுவாள். ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழுதை நிரூபிக்கப் போகும்போது, அது நிஜமாகவே வரும் என்று நம்பிப் போங்கள். வந்தால் யார் பின்னால் இருப்பார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள்.

வழக்கு முடிந்ததும் "இனிமே ரிங் விட வேண்டாம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "அஞ்ச நிறுத்திடுறேன் சார், ஒண்ணு மட்டும் விடுறேன். மூணாவது நடை, பாலம் தாண்டி" என்றார். அதுதான் உங்களுக்கு வருகிற மிஸ்டு கால். எடுத்துவிடாதீர்கள். எடுத்தால், என்னவோ ஏதோ என்று அவர் பயந்துவிடுவார். திருப்பிக் கூப்பிடாதீர்கள், அப்போது அவர் கேன் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு ரிங் அடித்து நின்றதும், பாலம் தாண்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பதினொன்றே முக்கால் ஆகியும் வரவில்லை என்றால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். சும்மா ஒரு மிஸ்டு கால் விட்டால் போதும்.